தவக்காலமும் சோதனையை வெல்லும் வழிகளும்

மலேசியாவில் வாழும் நமக்கு நோன்பு புதிய செய்தியன்று. தைப்பூசத்திற்கு முன் காவடி எடுப்போரும் பால்குடம் எடுப்போரும் பல நாள் மரக்கறி உண்டு விரதம் இருப்பதைச் சிறு வயது முதலே பார்த்து வருகிறோம். ரமலான் மாதத்தில் விடுதியில் நம்முடன் தங்கியிருக்கும் மலாய் நண்பர்கள் விடிவதற்கு முன் எழுந்து உண்பதையும், மாலையில் பேரீச்சம்பழம் தின்று நோன்பு துறப்பதையும் பார்க்கிறோம். இவற்றைப் போலவே கிறிஸ்தவர்களுக்கும் ஒரு நோன்புக் காலம் உண்டு. அதுவே தவக்காலம். 2025ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் நம் நாட்டில் ரமலான் நோன்பு தொடங்கியது. மூன்று நாள் கழித்து, மார்ச் 5ஆம் நாள், தவக்காலம் தொடங்கியது. ஒரே விடுதியின் ஒரே மாடியில் இரு சமயத்தார் ஒரே வாரத்தில் நோன்பைத் தொடங்கினர்.

இருப்பினும், தவக்காலத்தைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பது, நெற்றியில் சாம்பல் பூசுவார்கள், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணமாட்டார்கள் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. கிறிஸ்தவ மாணவர்களிலேயே சிலர் அதை உடல் எடையைக் குறைக்க உதவும் நாற்பது நாள் என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. உண்மையில் தவக்காலம் ஒரு கேள்வியைச் சுற்றி அமைந்திருக்கிறது. தவறு என்று நன்றாகத் தெரிந்த ஒன்று நம்மைக் கவர்ந்து இழுக்கும்போது மனிதன் என்ன செய்வது? இந்தக் கேள்வி கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே, கிறிஸ்தவ மரபு இதற்குக் கூறும் விடையை எல்லாரும் அறிந்துகொள்ளும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவக்காலம் என்றால் என்ன?

தவக்காலம் சாம்பல் புதன் அன்று தொடங்குகிறது. இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர் ஞாயிறுக்கு ஆயத்தம் செய்யும் காலம் இது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள்கள் வரும். அவற்றுள் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உயிர்ப்பின் நாள்களாகக் கருதப்படுவதால் அவை நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. எஞ்சுவன 40 நாள்கள். கி.பி. 325ஆம் ஆண்டு கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் விதிகளிலேயே இந்த நாற்பது நாள் குறிப்பிடப்படுகிறது. ஆக, இது ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கமாகும்.

தமிழில் இக்காலத்திற்குப் பல பெயர்கள் உள்ளன. கத்தோலிக்கர் தவக்காலம் என்பர். மூத்தவர்கள் தபசு காலம் என்பர். லுத்தரன், ஆங்கிலிக்கன் போன்ற திருச்சபையினர் லெந்து காலம் என்பர். தவம் என்ற சொல் நமக்கு அந்நியமானதன்று. திருக்குறளின் 27ஆம் அதிகாரத்தின் பெயரே தவம். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருப்பதும் தவத்தின் வடிவம் என்கிறார் வள்ளுவர். பொறுத்தல் என்னும் பொருளில் அவர் ஆளும் 'நோன்றல்' என்ற சொல்லின் உறவே இன்று நாம் வழங்கும் நோன்பு என்னும் சொல். எனவே, நோன்பு என்ற சொல்லுக்குள்ளேயே பசியைவிட ஆழமான ஒரு பொருள் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளும் ஆற்றலே அது.

சாம்பல் புதனன்று பூசப்படும் சாம்பல், முந்திய ஆண்டுக் குருத்து ஞாயிறன்று கொடுக்கப்பட்ட ஓலைகளை எரித்துச் செய்யப்படுவது. மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புவான் என்பதை அது நினைவூட்டுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி, 14 வயது நிறைந்தவர்கள் குறிப்பிட்ட நாள்களில் இறைச்சியை விலக்க வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கர் இதைச் சுத்தபோசனம் என்பர். 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடங்காதவர் வரை, சாம்பல் புதனன்றும் புனித வெள்ளியன்றும் ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்டு மற்ற வேளைகளில் சிறிதளவே உண்ண வேண்டும். இதற்கு ஒருசந்தி என்று பெயர். அப்படியென்றால், பல்கலைக்கழகத்தில் பயிலும் கத்தோலிக்க மாணவர்களில் உடல்நலம் உள்ள ஏறக்குறைய அனைவரும் இச்சட்டத்திற்கு உட்பட்டவர்களே. புனித வெள்ளி சபா, சரவாக் மாநிலங்களில் பொது விடுமுறை. தீபகற்ப மலேசியாவில் அது பொது விடுமுறை அல்ல. ஆகவே, ஒருசந்தி இருந்துகொண்டே விரிவுரைக்குச் செல்லும் மாணவர்களை அன்று நம் வளாகத்தில் காணலாம்.

சோதனை என்னும் சொல்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குச் சோதனை என்றவுடன் மாதச் சோதனைதான் நினைவுக்கு வரும். கேள்வித்தாள், சிவப்பு மை, பெற்றோரின் கையொப்பம் ஆகியவையும் உடன் வரும். தமிழ் விவிலியத்தில் இதே சொல் இரு பொருளில் வருகிறது. ஒருவரின் உறுதியைத் தேர்ந்து பார்ப்பதும் சோதனை. ஒருவரைத் தீமைக்கு இழுப்பதும் சோதனை. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். இவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

யாக்கோபு எழுதிய திருமுகம் இதைத் தெளிவுபடுத்துகிறது. கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை. அவரவர் ஆசையே அவரவரைப் பிடித்து இழுக்கிறது. அந்த ஆசை கருவுற்றுப் பாவத்தைப் பெறுகிறது என்பது அவர் கருத்து. அப்படியானால், கடவுளிடம் நாம் எதைக் கேட்பது? இயேசு கற்றுக்கொடுத்த செபத்தில் சோதனையைக் குறித்து ஒரு வேண்டுதல் உள்ளது. தமிழ்க் கத்தோலிக்கர் வழிவழியாகச் சொல்லும் வடிவம், சோதனையில் நாங்கள் விழுந்துவிட விடாதேயும் என்ற பொருளைத் தருகிறது. பிரெஞ்சு மொழிபேசும் கத்தோலிக்கர் 2017ஆம் ஆண்டில்தான் தங்கள் செபத்தின் இந்த வரியை ஏறத்தாழ இப்பொருள் வருமாறு மாற்றினர். கடவுள்தான் மனிதனைச் சோதனைக்குள் தள்ளுகிறார் என்று எவரும் தவறாக எண்ணிவிடக்கூடாது என்பதே அதற்குக் காரணம். நம் பாட்டிமார் முழந்தாளிட்டுச் சொல்லிய தமிழ்ச் செபத்தில் இந்தத் தெளிவு முன்பே இருந்தது மகிழ்ச்சிக்குரியது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். சோதனை வருவது பாவமன்று. அதற்கு இணங்குவதே பாவம். தீய எண்ணம் ஒன்று மனத்தில் தோன்றியதுமே தான் கெட்டவன் என்று முடிவு கட்டிக்கொள்ளும் இளைஞர் பலர். இயேசுவும் நம்மைப் போலவே எல்லா வகையிலும் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்று எபிரேயர் திருமுகம் கூறுகிறது. சோதிக்கப்படுவதே இழுக்கு என்றால் அவ்வாறு எழுதப்பட்டிருக்காது அல்லவா?

பாலைவனத்தில் மூன்று சோதனைகள்

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று கத்தோலிக்க ஆலயங்களில் ஆண்டுதோறும் வாசிக்கப்படுவது இயேசு சோதிக்கப்பட்ட நிகழ்ச்சியாகும். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இதை எழுதியுள்ளனர். மாற்கு இரண்டே வசனங்களில் முடித்துவிடுகிறார். மற்ற இருவரும் மூன்று சோதனைகளையும் விரித்துரைக்கின்றனர். இங்கு மத்தேயுவின் வரிசையைப் பின்பற்றுவோம்.

இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றபோது, இவரே என் அன்பு மகன் என்று வானிலிருந்து ஒரு குரல் ஒலித்தது. அதை அடுத்து அவர் பாலைவனத்திற்குச் சென்று நாற்பது நாள் நோன்பிருந்தார். பசி எடுத்தது. அப்போது அலகை வந்தது. அது பேசிய முதல் சொற்களைக் கவனிக்க வேண்டும். நீர் கடவுளின் மகன் என்றால் இதைச் செய்யும் என்றது. சற்று முன் கேட்ட குரலையே ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. சோதனை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. "நீ ஆம்பளன்னா ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டு." "நீ உண்மையான பிரெண்டுன்னா உன் இடுபணியைக் கொடு." முதலில் நாம் யார் என்பதை அசைத்துவிட்டு, அதை மெய்ப்பிப்பதற்காக நம்மை ஒன்றைச் செய்ய வைக்கிறது.

முதல் சோதனை, கற்களை அப்பமாக்கு என்பது. பசித்தவன் உண்ண நினைப்பதில் தவறில்லை. ஆனால் தன் தேவையே எல்லாவற்றிற்கும் மேலானது, அதை உடனே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில்தான் வலை இருக்கிறது. மனிதன் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்ற பொருளில் இயேசு மறுமொழி கூறினார். நம் காலத்தில் இந்தச் சோதனை கைப்பேசி வழியாக வருகிறது. பசித்தால் உடனே உணவு, சலித்தால் உடனே காணொளி, தனிமை உணர்வு வந்தால் நள்ளிரவில் பார்க்கத் தகாத படங்கள். எதையும் காத்திருந்து பெறவேண்டியதில்லை என்ற பழக்கம் ஊறிவிட்டால், காத்திருந்தே பெறவேண்டிய கல்வி, நட்பு, திருமணம் ஆகியவை கசக்கத் தொடங்கும்.

இரண்டாம் சோதனை, எருசலேம் கோவிலின் உச்சியிலிருந்து குதி என்பது. வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று அலகையே மறைநூலை மேற்கோள் காட்டுகிறது. அது காட்டுவது 91ஆம் திருப்பாடல். மறைநூல் தெரிந்த அனைவரும் நல்லவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஊரார் முன்னிலையில் ஓர் அற்புதம் செய்து கைத்தட்டல் பெறுவதே இச்சோதனை. கடவுளைச் சோதித்துப் பார்க்கலாகாது என்று இயேசு மறுத்தார். இன்று நோன்பிருப்பதையும் ஏழைக்கு உதவுவதையும் படமெடுத்து ஊடகத்தில் போட்டு விருப்பக்குறிகளை எண்ணும் ஆசை இதன் தம்பி. சமயப் பற்றுள்ளவர்களையே குறிவைத்து வருவதால் இது மிகவும் ஆபத்தானது.

மூன்றாம் சோதனை, உயர்ந்த மலையிலிருந்து உலக அரசுகளையெல்லாம் காட்டி, என்னை வணங்கினால் இவை உனக்கு என்பது. வெற்றி கிடைக்கும், ஆனால் குறுக்குவழியில் கிடைக்கும். காசு கொடுத்து இடுபணியை எழுதி வாங்குவது, பிறர் ஆய்வைத் தன் பெயரில் ஒப்படைப்பது, தேர்வு மண்டபத்திற்குள் கைப்பேசியை மறைத்துக் கொண்டுபோவது எல்லாம் இம்மலையில் நின்று பார்த்தால் சிறியனவாகத் தோன்றும். பட்டம் பெரிதாகத் தோன்றும். கடவுளை மட்டுமே வணங்க வேண்டும் என்பதே இயேசுவின் விடை.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மூன்று முறையும் இயேசு கூறிய விடைகள் பழைய ஏற்பாட்டின் இணைச்சட்டம் என்னும் நூலின் 6ஆம், 8ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. நாற்பது ஆண்டு பாலைவனத்தில் அலைந்த இஸ்ரயேல் மக்களுக்கு மோசே கூறிய அறிவுரைகள் அவை. அம்மக்கள் உணவுக்காக முணுமுணுத்தனர், கடவுளைச் சோதித்தனர், பொன் கன்றுக்குட்டியை வணங்கினர். அவர்கள் தவறிய இடங்களிலேயே இயேசு நிலைத்து நின்றார் என்பதே நற்செய்தியாளரின் கருத்து. மேலும், அவர் அலகையுடன் நீண்ட வாதம் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விடை. அவ்வளவுதான். நெடுநேரம் பேசுபவன் இறுதியில் இணங்கிவிடுவான் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

சோதனை வளரும் மூன்று படிகள்

590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த புனித பெரிய கிரகோரியார், இந்நற்செய்திப் பகுதியை விளக்கும் மறையுரை ஒன்றில், சோதனை மூன்று படிகளில் வளர்கிறது என்றார். முதற்படி தூண்டல். இரண்டாம் படி அதில் இன்புறுதல். மூன்றாம் படி இணங்குதல். இயேசுவுக்குச் சோதனை வெளியிலிருந்து வந்த தூண்டலாக மட்டுமே இருந்தது, அவர் உள்ளம் அதில் இன்புறவில்லை என்பது அவர் விளக்கம்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம். ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். தவணைத் தொடக்கத்தில் அவருக்குப் பி.டி.பி.டி.என். கடன் பணம் வந்திருக்கிறது. அவ்வாரம் இங்கிலாந்துக் காற்பந்து ஆட்டம் ஒன்று நடக்கவிருக்கிறது. இணையச் சூதாட்டம் பற்றிய குறுஞ்செய்தி ஒன்று அவர் கைப்பேசிக்கு வருகிறது. பத்து ரிங்கிட் போட்டால் போதும் என்கிறது. இதுவரை நடந்தது தூண்டல் மட்டுமே. செய்தியை அழித்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் அவர் அழிக்கவில்லை. ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும், அம்மாவுக்கு என்ன வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறார். பணம் இன்னும் போடவில்லை. ஆயினும் அவர் மனம் அங்கே போய்விட்டது. இது இரண்டாம் படி. இரவு பதினொரு மணிக்குப் பத்து ரிங்கிட் போடுகிறார். அது மூன்றாம் படி. ஒருவேளை முதல் முறை வெற்றியும் கிடைக்கும். அதுதான் துயரத்தின் தொடக்கம். தவணை முடிவதற்குள் கடன் பணம் தீர்ந்து, நண்பர்களிடம் கைம்மாற்று வாங்கி, அதுவும் போதாமல் வட்டிக்கு விடுபவரின் எண்ணை அழைக்கும் நிலை வந்தால், அந்தச் சுமை அவரோடு நிற்காது. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உழைக்கும் அவர் பெற்றோரின் வாசலுக்கும் போகும்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? போராட வேண்டிய இடம் முதற்படி. மூன்றாம் படியில் நின்றுகொண்டு மனவுறுதியைத் தேடுவது, மழை வீட்டுக்குள் புகுந்த பிறகு கூரையைத் தேடுவது போன்றது. தவக்கால நோன்பின் பயன் இங்குதான் விளங்குகிறது. இறைச்சியோ தே தாரிக்கோ தீயவை அல்ல. நல்லதாகிய ஒன்றையே நாற்பது நாள் வேண்டாம் என்று சொல்லப் பழகிய மனம், தீயது வரும்போது முதற்படியிலேயே வேண்டாம் என்று சொல்லும் பயிற்சியைப் பெறுகிறது.

முன்னோர் கண்ட வழிகள்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களில் வாழ்ந்த துறவிகள் சோதனையை மிக நுணுக்கமாக ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் 399ஆம் ஆண்டு மறைந்த எவாகிரியுஸ். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களைப் பெருந்தீனி, காமம், பேராசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, செருக்கு என எட்டாகப் பிரித்தார். பின்னர் கிரகோரியார் இப்பட்டியலைத் திருத்தியமைத்தார். தலையான பாவங்கள் ஏழு என்னும் வழக்கு அவ்வழியே வந்தது.

எவாகிரியுஸ் சோர்வைப் பற்றி எழுதியிருப்பது இன்றைய மாணவருக்கென்றே எழுதியது போல் உள்ளது. சோர்வு பிடித்த துறவிக்கு நண்பகலில் பொழுது நகர்வதே இல்லை. சூரியன் எங்கு நிற்கிறது என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறார். எவரேனும் வருகிறாரா என்று வெளியே நோக்குகிறார். இந்த இடமே சரியில்லை, வேறு இடத்திற்குப் போனால் நன்றாயிருக்கும் என்று எண்ணுகிறார். நூலகத்தில் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் பத்து முறை கைப்பேசியை எடுத்துப் பார்ப்பவருக்கு இவர் நெருங்கிய உறவு அல்லவா? எவாகிரியுஸ் கூறிய மருந்து, எடுத்த பணியை விட்டு எழாமல் அங்கேயே இருப்பது. அத்துடன், ஒவ்வொரு தீய எண்ணத்திற்கும் எதிராகச் சொல்லத்தக்க மறைநூல் வாக்குகளை எட்டுப் பகுதிகளாகத் தொகுத்து ஒரு நூலும் எழுதினார். பாலைவனத்தில் இயேசு செய்ததே அதற்கு முன்மாதிரி.

இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் (1491–1556) தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் மேலும் சில வழிகளைத் தந்துள்ளார். அவற்றுள் மூன்று நமக்கு மிகவும் பயன்படும்.

முதலாவது, மனம் இருண்டிருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக்கூடாது. தேர்வுத் தோல்வி வந்த இரவில் படிப்பையே விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இரண்டாவது, தீயவன் கள்ளக் காதலனைப் போன்றவன். எல்லாம் மறைவில் நடப்பதையே விரும்புவான். பெற்றோர் காதுக்கு எட்டிவிட்டால் அவன் திட்டம் குலைந்துவிடும். ஆகவே, சோதனையை நம்பத்தகுந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாலே அதன் வலிமையில் பாதி போய்விடும்.

மூன்றாவது, அவன் கோட்டையை முற்றுகையிடும் படைத்தலைவனைப் போன்றவன். சுற்றிப் பார்த்து, சுவர் எங்கு பலவீனமாக இருக்கிறதோ அங்கேயே தாக்குவான். எனவே, தன் பலவீனம் எது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தனிமையில் விழுபவர் ஒருவகை. கூட்டத்தில் விழுபவர் வேறுவகை. இருவருக்கும் ஒரே வேலி போதாது.

செபம், நோன்பு, தர்மம்

மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இயேசு மூன்று செயல்களைக் குறித்துப் பேசுகிறார். அவை தர்மம், செபம், நோன்பு. மூன்றையும் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யக்கூடாது என்பதே அவர் வலியுறுத்துவது. தவக்காலம் இம்மூன்று தூண்களின் மீது நிற்கிறது.

செபம் கடவுளோடு உள்ள உறவைச் சீர்செய்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் சீடர்களிடம், சோதனைக்கு உட்படாதபடி விழித்திருந்து செபியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்களோ உறங்கிவிட்டனர். உள்ளம் விரும்பினாலும் உடல் வலுவற்றது என்று அவரே அவர்கள் நிலையைப் புரிந்துகொண்டார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஆலயங்களில் நடைபெறும் சிலுவைப்பாதை, 14 நிலைகளில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் வழிபாடாகும். அதில் அவர் மும்முறை விழுந்து எழுகிறார்.

நோன்பு நம் உடலோடும் ஆசைகளோடும் உள்ள உறவைச் சீர்செய்கிறது. உணவோடு வேறு சிலவற்றையும் விலக்கலாம். இரவு பத்து மணிக்குமேல் கைப்பேசியை அறைக்கு வெளியே வைப்பது, மாமாக் கடையில் நள்ளிரவு வரை வீண்பேச்சுப் பேசாமல் இருப்பது, ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசாமல் இருப்பது எல்லாம் நோன்பே. ஒன்றை விலக்கும்போது, அந்த நேரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். வெற்றிடம் நெடுநேரம் வெற்றிடமாக இருப்பதில்லை.

தர்மம் பிறரோடு உள்ள உறவைச் சீர்செய்கிறது. இறைவாக்கினர் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம், பசித்தோரோடு உணவைப் பகிர்வதும் ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதுமே கடவுள் விரும்பும் நோன்பு என்கிறது. என் பாட்டி தோட்டத்தில் இருந்த காலத்தில், தவக்காலம் முழுதும் சோறு ஆக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு டின்னில் போட்டு வைப்பாராம். ஈஸ்டருக்கு முன் அந்த அரிசி தங்களைவிட வசதி குறைந்த குடும்பத்திற்குப் போகும். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். குடும்பம் ஒரு பிடி குறைவாக உண்டது. வேறொரு குடும்பம் சில நாள் உண்டது. நோன்புக்கும் தர்மத்திற்கும் உள்ள தொடர்பை இதைவிட எளிதாக விளக்க முடியாது. இன்று நாம் விலக்கும் ஒரு கோப்பைக் காப்பியின் விலையை அன்றே எடுத்து வைத்தால், நாற்பது நாளில் அதுவும் ஒரு டின் அரிசி ஆகும்.

தமிழ் இலக்கியத்தில் சோதனை

இந்தப் பயணத்தைத் தமிழிலும் காவியமாகப் பாடியிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து பின் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), 1894ஆம் ஆண்டு இரட்சணிய யாத்திரிகம் என்னும் நூலை வெளியிட்டார். 1678இல் ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற உரைநடை நூலைத் தழுவியது அது. ஒரு வழிப்போக்கன் அழிவின் நகரை விட்டுப் புறப்பட்டு வானக நகரை நோக்கி நடக்கிறான். வழியில் சேற்றில் சிக்குகிறான். பகட்டான சந்தை ஒன்றைக் கடக்கிறான். நம்பிக்கையின்மையின் சிறையில் அடைபடுகிறான். அவன் தனியாகவே இப்பயணத்தை முடிக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. வழிநெடுக அவனுக்குத் துணைவர்கள் கிடைக்கின்றனர். சோதனையைத் தனியொருவரின் வீரத்தால் மட்டும் வெல்வது கடினம் என்பதை இக்கதை உணர்த்துகிறது.

விழுந்துவிட்டால்?

தவக்காலத்தைத் தொடங்குவோர் பலர் இரண்டாம் வாரத்திலேயே உறுதியை இழந்துவிடுவர். ஒருமுறை தவறியதும், இனி என்ன பயன் என்று முழுவதையும் கைவிடுவர். விழுந்த பின் வரும் இந்த நம்பிக்கையின்மையே சோதனைகளில் மிகக் கொடியது. முதல் சோதனை ஒரு நாளைக் கெடுக்கிறது. இதுவோ எஞ்சிய வாழ்நாளையே கெடுக்கிறது.

நற்செய்தியில் இயேசுவின் இறுதி இரவில் இருவர் தவறுகின்றனர். யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுத்தான். பேதுரு அவரை அறியவே மாட்டேன் என்று மும்முறை மறுதலித்தார். இருவரும் பின்னர் வருந்தினர். யூதாஸ் தன் வருத்தத்தோடு தனியே போய் மடிந்தான். பேதுரு மனங்கசந்து அழுதார். ஆனால் மற்றச் சீடர்களோடு சேர்ந்தே இருந்தார். உயிர்த்த இயேசு கடற்கரையில் அவரிடம், நீ என்னை அன்பு செய்கிறாயா என்று மும்முறை கேட்டு, தம் மந்தையையே அவரிடம் ஒப்படைத்தார். மறுதலித்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு வாய்ப்பு.

இக்காரணத்தால்தான் தவக்காலத்தில் ஆலயங்களில் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சிறப்பான ஏற்பாடு செய்யப்படுகிறது. முன்பு இதனைப் பாவசங்கீர்த்தனம் என்றனர். மறைவில் இருப்பதை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து மன்னிப்புப் பெறும் வழி அது. அதே வேளையில், சூது, மது, போதைப்பொருள் போன்றவற்றுக்கு அடிமையாகிவிட்டவர்களுக்குச் செபத்தோடு மருத்துவரின் உதவியும் தேவை. பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரை நாடுவது நம்பிக்கைக் குறைவாகாது. கால் முறிந்தவர் மருத்துவமனைக்குப் போவதை எவரும் நம்பிக்கைக் குறைவு என்று சொல்வதில்லையே.

முடிவுரை

கிறிஸ்தவ நம்பிக்கையின்படி சோதனையை வெல்வது மனிதனின் உறுதியும் கடவுளின் அருளும் சேர்ந்து செய்யும் செயல். தாங்க முடியாத அளவு சோதனை வரக் கடவுள் விடமாட்டார், தப்பிக்கும் வழியையும் காட்டுவார் என்று பவுல் அடிகளார் கொரிந்து நகர மக்களுக்கு எழுதினார். அந்த வழி சில சமயம் ஒரு செபமாக இருக்கும். சில சமயம் அழித்துவிட வேண்டிய ஒரு குறுஞ்செய்தியாக இருக்கும். சில சமயம் பக்கத்து அறை நண்பரின் கதவாக இருக்கும்.

பாலைவனத்தில் தோற்ற அலகை, தக்க காலம் வரும்வரை இயேசுவை விட்டு அகன்றது என்று லூக்கா தம் பகுதியை முடிக்கிறார். அது திரும்பி வரும் என்பதே அதன் பொருள். தவக்காலமும் அவ்வாறே ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. கிறிஸ்தவ நண்பர்கள் இக்காலத்தைப் பட்டினி நாள்களாக மட்டும் கழித்துவிடாமல், தம்மைத் தாமே அறியும் நாள்களாகப் பயன்படுத்த வேண்டும். மற்றச் சமய நண்பர்களோ, அடுத்த ஆண்டு சாம்பல் புதனன்று நெற்றியில் கருமையான சிலுவைக் குறியுடன் விரிவுரைக்கு வரும் ஒருவரைக் கண்டால், அவர் எதனோடு போராடப் புறப்பட்டிருக்கிறார் என்பதை அறிந்திருப்பீர்கள். அன்று நண்பகல் அவரைச் சிற்றுண்டிச் சாலைக்கு வற்புறுத்தி அழைக்காமல் இருந்தால், அதுவே நீங்கள் அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.